சீனி என்று யாரும் சொல்லக் கூடாது

என் தம்பி சீனி ஒரு கலியாண வீடு விடாமல் சொல்லிக்கொண்டு திரிகிறான்: "ஒரு நாய் என்னையக் கவ்விக்கிட்டு நிக்குது, எங்கக்கா இன்னொரு நாயக் கூப்பிடுதுலா!" கேட்கிறவர்கள் சோற்றுக் கையோடு என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவன் சொல்வது பாதிக் கதை. மீதியை நான் சொல்லாவிட்டால் என் மண்டை வெடித்துவிடும்.

எழுபத்தெட்டில் நடந்தது. மலேசியாவில், ஈப்போவை அடுத்த சிம்மோர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தை வெள்ளைக்காரக் கம்பெனி விற்றுவிட்டுப் போய், புதுக் கம்பெனி வந்திருந்த வருஷம். என் வீட்டுக்காரர் கார்த்திகேசு ஸ்டோருக்கு ஜாகா. ரப்பர் ஷீட்டு திருடுபோகாமல் காவல் காக்கிற வேலை. அவருக்குத் துணை சார்ஜன். சார்ஜன் என்றால் போலீஸ்காரர் இல்லை, நாய். கன்றுக்குட்டி உயரத்தில் ஓர் அல்சேஷன். சிலிம் ரிவரில் ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவர் பழக்கிக் கொடுத்தது. அதனால் அதற்கு மலாய் மட்டும்தான் தெரியும். 'டூடோக்' என்றால் உட்காரும். 'டியாம்' என்றால் அசையாமல் படுத்துக் கிடக்கும். 'சினி' என்றால், எங்கே இருந்தாலும் ஓடிவந்து கூப்பிட்டவர் எதிரில் உட்காரும்.

நாய் லைசென்ஸ் என் பேரில். என் வீட்டுக்காரருக்குச் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற அடையாள அட்டை. எந்தக் கவுண்டரில் போய் நின்றாலும் அவரை ஆயிரம் கேள்வி கேட்பார்கள். ஆகவே சைக்கிள், ரேடியோ, நாய் எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் இந்த வீரம்மா பேரில்தான். எங்கள் வீட்டில் லைசென்ஸ் இல்லாமல் திரிந்தது அவர் ஒருவர்தான்.

தோட்டத்தை நடத்த வந்த புதுத் துரை சித்தியவான் ஊர்க்காரர். தமிழர்தான், ஆனால் தமிழைச் சுடுதண்ணி மாதிரி ஊதி ஊதிப் பேசுவார். ஈப்போவில் பெரிய நாய் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு கிளப் இருந்தது. அதற்கு அவர்தான் செயலாளர். ஒருநாள் ஸ்டோருக்கு வந்து சார்ஜனை மேலும் கீழும் பார்த்தார்.

"கார்த்திகேசு, உன் டாக் எங்க கிளப்புல டெஸ்ட் பாஸ் பண்ணணும். பண்ணாட்டி ஈப்போலேருந்து செக்யூரிட்டி கம்பெனி வரும். ஜாகா வீட்டக் காலி பண்ணிக் குடுத்துடு."

என் வீட்டுக்காரர் நாலாம் வகுப்பையே இரண்டு தடவை படித்துவிட்டுப் பால்மரத்துக்குப் போனவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பரீட்சையில் பாஸாக வேண்டியது நாயாம். அதில் தோற்றால் நாங்கள் நடுத்தெருவில். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஈப்போவுக்குப் போனோம். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். சீனி காய்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான், அவன்தான் கொண்டுபோய் விட்டான். கோப்பெங் ரோட்டோரம் ஒரு திடல். அங்கே டாக்டர்கள், வக்கீல்கள், ஈயச் சுரங்கம் வைத்திருக்கிற சீன முதலாளிகளான தவுக்கேமார், எல்லாரும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வெயிலில் நாயோடு வட்டமடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வக்கீல் நாயிடம் தாவு தாவு என்று கெஞ்சிப் பார்த்துவிட்டு, கடைசியில் தானே பலகையைத் தாண்டிக் காட்டினார். நாய் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. கிளப் விதி என்று என் வீட்டுக்காரரும் ஒரு டை வாங்கிக் கட்டிக்கொண்டார். கழற்றத் தெரியாமல் செவ்வாய்க்கிழமை வரைக்கும் அதோடேயே இருந்தார்.

பரீட்சையில் கஷ்டமானது படுக்கைதான். நாய்களை வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு ஆட்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய் ஒளிந்துகொள்ள வேண்டும். நாய் அசையக் கூடாது. சார்ஜனுக்கு அது பெரிய காரியமே இல்லை. ஒத்திகையில் செத்த பிணம் மாதிரிக் கிடந்தது. அப்போதுதான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணி விற்கிற தாவூத் பாயின் தள்ளுவண்டியில் யாரோ ஒருவர், "பாய், தே ஒண்ணு, சீனி கொறச்சு!" என்றார்.

சார்ஜன் எழுந்தது. திடலைக் கடந்தது, ரோட்டைக் கடந்தது, தள்ளுவண்டி முன்னால் போய் மரியாதையாக உட்கார்ந்தது. தாவூத் பாய் பெஞ்சு மேல் ஏறி நின்று, "யா அல்லா! யாரு நாய்லா இது?" என்று கத்தினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலாயில் 'சினி', நமக்குச் 'சீனி'. குறிலா நெடிலா என்று பார்க்க நாய் என்ன இலக்கணமா படித்திருக்கிறது? வீட்டில் சீனி போதுமா என்று கேட்டு நான் தேத்தண்ணி கலக்கும்போதெல்லாம் அது அடுப்படியில் வந்து குந்திக்கொள்ளும். மோப்பம் பிடித்து வருகிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! போதாததற்கு, என்னைப் பெற்றவர்கள் எனக்குத் தம்பியைப் பெற்று அவனுக்கும் அந்தப் பேரையே வைத்திருக்கிறார்கள். 

"பேசாம சார்ஜனுக்கு வேற வார்த்தை சொல்லிக் குடுங்களேன்," என்றேன்.

"போலீசு படிப்பு வீரம்மா. மாத்த முடியாது. ஊரத்தான் மாத்தணும்," என்றார் இவர்.

ஊரை மாற்றும் வேலை யார் தலையில்? என் தலையில்தான். பரீட்சையன்று விடிந்ததும் முதலில் தாவூத் பாயிடம் போனேன்.

"பாய், இன்னிக்கு ஒரு நாளு அந்தப் பேரச் சொல்லாதீங்க. யாரையும் சொல்லவும் விடாதீங்க."

"நான் ஏங்கா சொல்றேன்? அந்தச் சனியன் திரும்பி வந்தா நான் எங்க ஏறுவேன்? இன்னிக்கு முச்சூடும் மலாய்ல கூலாதான். கூலா கொறச்சு, கூலா கூட, கூலா இல்லாம. போதுமா?"

அடுத்தது தம்பி. "இன்னிக்கு உன் பேரு ராமையா," என்றேன்.

"என்னக்கா இது அநியாயம்? நாய்க்காக ஒரு மனுசன் பேர மாத்திக்கணுமா?"

"வீடு போச்சுன்னா உன் வீட்டுக்குத்தான் வருவோம். நாயோட."

"ராமையா நல்ல பேருதாங்கா," என்றான்.

மத்தியானமே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஈப்போ மழை யாருக்கும் காத்திருக்காது. நடுவர் ஒரு சீக்கியர், பட்டாளத்தில் மேஜராக இருந்தவர். சட்டப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே சாப்பிடுகிற ஆள். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று இரண்டு பரீட்சைகளை ஒன்றாக வைத்தார். இந்தப் பக்கம் படுக்கை. அந்தப் பக்கம் திருடனைப் பிடிப்பது. சார்ஜன் வரிசைக் கோடியில் படுத்தது. "டியாம்," என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் மற்றவர்களோடு கக்கூசுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். ஆறேழு பெரிய மனிதர்கள் டையோடு அங்கே ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பக்கம் திருடன் வரவில்லை. வழக்கமாகத் திருடனாக ஓடுகிற பையனுக்குக் காய்ச்சலாம். யாராவது வருகிறீர்களா என்று மேஜர் கேட்டார். என் தம்பி மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனான். "டேய், ஒனக்கு எதுக்குடா?" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், ஒரு கைக்கு மெத்தை வைத்துத் தைத்த உறையை மாட்டிவிட்டார்கள். நாய் அதைத்தான் கடிக்க வேண்டும். இவன் அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டிவிட்டு ஓடினான்.

தவுக்கே ஒருவரின் கறுப்பு ராட்வைலரை அவிழ்த்துவிட்டார்கள். அது உறையைப் பார்க்கவே இல்லை. நேரே போய் என் தம்பியின் காற்சட்டைப் பின்புறத்தைப் பிடித்தது. "அம்மா!" என்று அலறினான். உறை மாட்டிய கையை ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு நாயோடு சுற்றுகிறான், சுற்றுகிறான், கோயில் திருவிழாவில் ராட்டினம் சுற்றுகிற மாதிரி. தவுக்கே சங்கிலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வட்டமடிக்கிறார். கையைக் கீழே இறக்கி நீட்டினால் நாய் உறைக்குத் தாவும், அது எனக்கே தெரிகிறது. அந்த முட்டாளுக்குத் தெரியவில்லை.

"ராமையா! கைய நீட்டு! ராமையா!" என்று கத்தினேன்.

திரும்பினால்தானே? யார் அந்த ராமையா? அவனுக்குப் பயத்தில் மறந்தே போய்விட்டது. தொண்டை கிழியக் கத்தினேன். துணி கிழிகிற சத்தம் கேட்டது. அடுத்தது தோல்தான். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். வீடாவது, வேலையாவது!

"சீனீ!"

திடலே அதிர்ந்தது. தம்பி திரும்பினான். "கைய நீட்டுடா!" நீட்டினான். ராட்வைலர் உறைக்குத் தாவியது, தவுக்கே அதன் கழுத்தில் சங்கிலியை மாட்டினார். அவ்வளவுதான், பிழைத்தான்.

அதே நேரம் வரிசைக் கோடியில் சார்ஜன் எழுந்தது. புல்லில் பறந்து வந்தது. என் காலடியில் உட்கார்ந்து, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது. மற்ற நாய்கள் ஒன்றும் அசையவில்லை. கக்கூசுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்த என் வீட்டுக்காரர், தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டார். துரை என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தாவூத் பாய் பெஞ்சு மேல் நின்றுகொண்டிருந்தார்.

மேஜர் வந்தார். மலாயில் கேட்டார், யார் கூப்பிட்டது என்று.

"நான்தான்," என்றேன்.

அவர் நாயின் லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வீரம்மா நீதானா என்றார். ஆமாம் என்றேன். கக்கத்திலிருந்த புத்தகத்தை எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டினார். சொந்தக்காரர் கூப்பிடும்வரை நாய் அசையக் கூடாது, கூப்பிட்டதும் வர வேண்டும், அதுதான் சட்டம் என்றார். புருஷனைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லையாம். பிறகு விரலை உயர்த்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "நீ நாயைத்தான் கூப்பிட்டாயா?"

தம்பி கிழிந்த காற்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணில் தண்ணீர். "அக்கா..." என்றான். அந்தப் பக்கம் இவர் டையின் நுனியைக் கடித்துக்கொண்டு குந்தியிருந்தார். கீழே பார்த்தால் சார்ஜன், தான் செய்தது சரிதானே என்று கேட்கிற முகத்தோடு. எங்களுக்கென்று இருந்தது அந்த ஒரு வீடு.

"ஆமாங்க, நாயத்தான் கூப்பிட்டேன்."

சார்ஜன் பாஸ். துரை கைதட்ட வேண்டியதாயிற்று. மழையும் பிடித்துக்கொண்டது.

திரும்பும்போது சீனி என்னோடு பேசவில்லை. நாயை முன்னால் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, என்னையும் இவரையும் பின்னால் கோஸ் மூட்டைகளோடு மழையில் நனையவிட்டான். தீபாவளி வரைக்கும் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. 

தீபாவளியன்று வந்தான். தலைவாசலில் நின்றவனைப் பார்த்து என்னையறியாமல் "வாடா சீனி," என்றேன். முதலில் சார்ஜன் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பக்கத்திலேயே அவனும் உட்கார்ந்தான். அதன் காதைச் சொறிந்துவிட்டுக்கொண்டே கேட்டான்:

"உண்மையச் சொல்லுக்கா. அன்னிக்கு யாரக் கூப்பிட்ட? என்னையா, நாயையா?"

சொல்லிவிட்டால் அவன் வாய் சும்மா இருக்காது. ஈப்போ வரைக்கும் போகும், துரை காதில் விழும். வேலை போகும், வீடு போகும், சார்ஜனும் போகும். நான் அடுப்படிக்குள் போய் அவனுக்கு டம்ளரை எடுத்து வைத்தேன். எப்போதும் போடுவதைவிட இரண்டு கரண்டி அதிகமாகப் போட்டுக் கலக்கினேன். கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன்.

"தேத்தண்ணிக்குச் சீனி கேட்டேன்டா," என்றேன். "குடி."