குதிரை அசை போடவில்லை

எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியாத விஷயம் இந்தப் பாகூரில் கிடையாது. யாராவது வந்து கேட்டால்தான் சொல்வார் என்றில்லை. தெருவில் தன் பாட்டுக்குப் போகிறவனையும் நிறுத்தி வைத்துச் சொல்வார். கரும்பில் குருத்து காய்ந்தால் என்ன செய்ய வேண்டும், அவரையில் அசுவினி விழுந்தால் என்ன தெளிக்க வேண்டும், குழந்தைக்குக் காது வலித்தால் எந்த எண்ணெயைக் காய்ச்ச வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் பெயரை நான் சொல்லக்கூடாது. சொல்லாததால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பத்துக் காணி நஞ்சையும் ஓயாத வாயும் உள்ளவர் என்றால் இங்கே யாரும் வீட்டைக் காட்டிவிடுவார்கள்.

அடுத்த வீட்டுச் செங்கமலம் புதிதாக வாழ வந்தவள், பாவம், அவர் பேச்சை நம்பினாள். அவளுடைய கத்தரிச் செடிகளில் நுனி வாடித் தொங்கியது. "வேர்ல மண்ணெண்ணெய் ஊத்தும்மா, ஒரு பூச்சி தங்காது" என்றார். பூச்சி தங்கவில்லை. செடியும் தங்கவில்லை. புழு இருந்தது தண்டுக்குள்ளே. வாடின நுனியைக் கிள்ளி அடுப்பில் போட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்துபோயிருக்கும். என் கொல்லையில் நான் அதைத்தான் செய்கிறேன். அசுவினி கண்டால் காலையில் பனி ஈரம் இருக்கும்போதே இலைமேல் சாம்பலைத் தூவிவிடுவேன். வருஷம் பூராவும் அவர் இலையில் விழுகிற கத்தரிக்காய் அப்படி வந்ததுதான். தம்முடைய யோசனையால் காய்க்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு குதிரை வந்து சிக்கியது.

எல்லாம் வில்லியனூர்த் தேருக்காக. கவர்னர் துரையே வந்து வடம் பிடிக்கிற தேர். கொம்யூன் தலைவரான மேரும் மற்றப் பெரிய மனிதர்களும் குதிரை வண்டியில் வந்து இறங்கும்போது, தாம் மட்டும் மாட்டு வண்டியில் போய் நிற்பது இவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். அந்த வருஷம் சொந்த தேசத்துக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார துரையிடமிருந்து வண்டியையும் குதிரையையும் வாங்கிவிட்டார். செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண்குதிரை. துரை அதை பிஜூ என்று கூப்பிடுவாராம். வந்த அன்றே கொல்லை வேலிக்கு மேலே தலையை நீட்டி என் தோளில் புஸ்ஸென்று மூச்சு விட்டது. இந்த வீட்டில் எனக்கு யோசனை சொல்லாத முதல் ஜீவன். எனக்கு அதை அப்போதே பிடித்துப்போய்விட்டது.

குதிரையை ஓட்டிவந்தவன் தவளக்குப்பத்துப் பக்கிரிசாமி. துரையின் லாயத்தில் பத்து வருஷம் இருந்தவன். போகும்போது வாசலில் நின்று பணிவாகச் சொன்னான்:

"ஐயா, மொதல்ல தண்ணி, அப்பறந்தான் தீனி. புல்லு தாராளமா போடுங்க. கொள்ளு அளவாத்தான், வேகவச்சு ஆறவச்சு. புண்ணாக்கு, கஞ்சி, சோறு இதெல்லாம் கண்ணுலயே காட்டக்கூடாது. குளம்பைத் தெனம் நோண்டிச் சுத்தம் பண்ணணும். வயித்து வலி கண்டா மட்டும் படுக்க வுடாதீங்க. உருண்டா குடல் முறுக்கிக்கும். நடத்திக்கினே இருக்கணும். லத்தி போட்டுச்சுன்னா பொழைச்சிக்கும்."

"எங்கப்பன் காலத்துல நாப்பது மாடு கட்டின வூடுப்பா இது" என்றார் இவர். "எனக்கே சொல்றியா நீ? போய் வா."

கதவுக்குப் பின்னால் நின்று நான் அவன் சொன்னது ஒன்றையும் விடாமல் கேட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கொட்டகைக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, குதிரையின் வாயையே ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு முகம் வெளுத்துப்போய் உள்ளே வந்தார்.

"அடியே, குதிரைக்கு என்னமோ நோவு. தின்னுட்டு அசையே போட மாட்டேங்குது."

"குதிரை அசை போடுமாங்க?"

"நாலு காலு இருக்கு, புல்லு திங்குது, போடாம? அசை போடாத மாடு நாலு நாளு தாங்காது, தெரியுமா? வந்ததுல இருந்து படுக்கவும் இல்ல. நின்னுக்கினே கெடக்குது."

"பக்கிரிசாமிய ஒரு வார்த்தை கேட்டுடலாமே."

"அவன் புல்லு அறுத்துப் போட்டவன். வைத்தியம் அவனுக்கு இன்னா தெரியும்?"

மாடு ஒன்றைத் தவிர வேறெதையும் வளர்த்தறியாதவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. அது ஒரு குற்றமில்லை. கடலூர் ரோட்டில் போகிற ஜட்காக்காரன் ஒருவனை நிறுத்திக் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான். கேட்பதற்கு வாய் வர வேண்டுமே. எங்கள் வீட்டில் வாய் சொல்வதற்கு மட்டும்தான்.

இஞ்சி, பூண்டு, மிளகு, வெற்றிலை எல்லாவற்றையும் அரைத்து நல்லெண்ணெயில் குழைத்தாயிற்று. பண்ணையாள் சாமிக்கண்ணு குதிரையின் தலையைத் தூக்கிப் பிடிக்க, மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாயை இவர் அதன் வாயில் திணித்தார். பாதி உள்ளே போயிற்று, பாதி இவர் வேட்டியில். அதற்கும் அசை போடவில்லை என்றதும் உடம்பில் சத்து இல்லை என்று தீர்மானித்தார். கடலைப் புண்ணாக்கைக் கஞ்சியில் ஊறவைத்து ஒரு வாளி நிறையக் கொண்டுபோனார். நான் குறுக்கே போய் வாளியைப் பிடித்தேன்.

"அந்த ஆளு கூடாதுன்னு சொன்னானேங்க!"

"உன் கத்தரிச் செடியப் போய்ப் பாருடி."

நான் கையை எடுத்துவிட்டேன். அந்த வாளியை அங்கேயே கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்காததற்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். குதிரை வாளியை நக்கித் துடைத்துவிட்டது. இவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் முற்பகல் பிஜூவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. முன்காலால் தரையைப் பறித்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. பிறகு கால் மடிந்து தொப்பென்று படுத்து, பல்லை நறநறவென்று கடித்தது. இவர் துள்ளிக் குதித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

"படுத்துக்கிச்சு! அசையும் போடுது! வந்து பாருங்கடா, நம்ம வைத்தியத்த!"

தெருவே வந்து கொட்டகையில் கூடிவிட்டது. ஆளாளுக்கு ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். இவரை எனக்கு அன்றுவரை பிடிக்காமல்தான் இருந்தது. அந்த நிமிஷம் அருவருப்பாக இருந்தது. வலியில் பல்லைக் கடிக்கிற ஒரு வாயில்லா ஜீவனைக் காட்டி மெச்சிக்கொள்ளச் சொல்கிற மனிதரோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தேன். சாமிக்கண்ணு கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினேன். குதிரையின் காதைத் தொட்டுப் பார்த்தேன், சில்லிட்டிருந்தது. "எழுந்திரும்மா, எழுந்திரு" என்று இழுத்தேன். அசையவில்லை. புட்டத்தில் ஓங்கி ஒரு அறை விட்டேன். தடுமாறி எழுந்தது.

"எழுப்பாதடி! இப்பதான் படுத்துருக்கு, கெட்டுப்போவும்!"

"வாய மூடுங்க" என்றேன்.

ஊர் கேட்கத்தான் சொன்னேன். அவர் வாய் திறந்தபடியே நின்றது.

தெருவிலிருந்து ஏரிக்கரைக்கும், ஏரிக்கரையிலிருந்து தெருவுக்குமாக நடந்தேன். காணிக்காரர் வீட்டுப் பெண்பிள்ளை செருப்பில்லாத காலோடு வெயிலில் குதிரையை இழுத்துப் போகிற வேடிக்கையைப் பார்க்க இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். சிரித்தார்கள். சிரித்துக்கொள்ளட்டும். எனக்கிருந்த பயமெல்லாம் அதன் முழங்காலைப் பற்றித்தான். அது மடியப் பார்க்கும்போதெல்லாம் கயிற்றைச் சுண்டினேன், கெஞ்சினேன், திட்டினேன். செங்கமலம் மட்டும் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து கூடவே நடந்தாள். எத்தனை நடை என்று எண்ணவில்லை. என் கால் கொப்பளித்துவிட்டது. செத்துப்போய்விடும், செத்துப்போய்விடும் என்றே மனசு அடித்துக்கொண்டது.

வெயில் தாழும் நேரத்தில், ஏரிக்கரைப் புளியமரத்தடியில் வாலைத் தூக்கியது. பொத்பொத்தென்று லத்தி விழுந்தது. அவ்வளவு அழகான காட்சியை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். செங்கமலமும் அழுதாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் நின்றார். தேருக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அக்கம்பக்கத்தார் ஒருவரும் கலையவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தெருவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"இனிமே இதுக்கு இன்னா தீனி போடறது?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. பதில் எனக்குத் தெரியும். பக்கிரிசாமி சொன்னதை வரிசை மாறாமல் ஒப்பித்திருப்பேன். ஒப்பித்தால் விடிந்ததும் அது அவருடைய யோசனையாகிவிடும். வாசலில் நின்று, போகிற வருகிறவனுக்கெல்லாம் குதிரை வளர்ப்பு பற்றி விளக்கிக்கொண்டிருப்பார்.

"பக்கிரிசாமியப் போய்க் கேளுங்க" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அவன் வந்து பாத்துச் சொல்ற வரைக்கும் கயிறு என் கையிலதான். தேரும் இல்ல, திருநாளும் இல்ல."

என்னைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். கடைசியில் சாமிக்கண்ணுவை வண்டி பூட்டச் சொன்னார். அவன் மாட்டை நுகத்தில் பூட்டிவிட்டு, சூதுவாது தெரியாதவன், அவர் ஏறும்போது கேட்டான்:

"தவளக்குப்பத்துல யாருக்கு வைத்தியம் சொல்லப் போறீங்க ஐயா?"