நாலு வரி போதும்

இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும் ஆசீர்வாதம், தேயிலைச் செடியை வெட்டித் தள்ளுகிற வேகத்திலேயே வேதப்புத்தகத்தையும் வாசித்துத் தள்ளுவான். விடியற்காலையில், வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிக்குமுன் மூன்று அதிகாரம் முடிந்துவிடும். மலையில் வேலை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவார், பாதிச் சம்பளம். ஆண்டவரும் அப்படி ஒரு கணக்கப்பிள்ளைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

ஒருநாள் தோட்டத்துச் சபை உபதேசியார் கேட்டார்.

"இன்னைக்கு என்னங்க வாசிச்சீங்க?"

"மூணு அதிகாரமுங்க."

"எவ்வளவுன்னு கேக்கல. என்னன்னு கேட்டேன்."

ஆசீர்வாதம் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டித் தேடினான்.

"நாலு வரி போதும். மென்னு முழுங்குங்க. 'இதுல நான் யாரு'ன்னு உங்களையே கேட்டுப் பாருங்க."

எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தாலும் அப்படியே வாசிக்க ஆரம்பித்தான். வேகம் அடங்கவே வாரக்கணக்கானது.

அவனுடைய அண்ணன் இராமையா பக்கத்திலேயே மேட்டு லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார். இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்து, இந்தியாவுக்குக் கப்பலேறப் புறப்படும் நாளும் வந்துவிட்டது. இருவருக்கும் வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா செத்தபோது, வீரய்யாவாக இருந்தவன் ஞானஸ்நானம் எடுத்து ஆசீர்வாதமாகிச் சில நாட்களே ஆகியிருந்தன. மொட்டை போடமாட்டேன் என்றான். கருமாதிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஊர் பார்க்க அண்ணன் ஒற்றையாளாய் எல்லாம் செய்தார். வராதே என்று வேதம் சொல்லவில்லை, அவனுடைய வீம்புதான் சொன்னது.

அண்ணன் புறப்படும் காலையில், அவன் வாசிப்பில் யாக்கோபு தான் ஏமாற்றிய அண்ணன் ஏசாவைப் பார்க்கப் பயந்துகொண்டே வருகிற இடம் வந்தது. பலமுறை ஓடிக் கடந்த இடம்தான். ஏசா ஓடிவந்து தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதது மட்டும் நினைவிருந்தது. அதற்கு முன்னாலேயே தம்பி தரையில் விழுந்து வணங்கியது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. ஆசீர்வாதத்துக்கு வெட்கமாக இருந்தது. தப்புச் சத்தம் கேட்டும் பெரட்டுக்குப் போகவில்லை.

மேட்டு லயத்தில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஓடி வரவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆசீர்வாதம் போய் அவர் காலில் விழுந்தான்.

"என்மேலதாண்ணே தப்பு. அப்பாவுக்கு நான் வந்திருக்கணும்."

இராமையா கயிற்றை விட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"இத்தனை வருசமாப் பக்கத்து லயத்துலதானடா இருந்தேன், வீரய்யா."

கீழே ரோட்டில், அண்ணனை ஏற்றிப்போகும் லொறி வந்து நின்றது.