ஹெனியா வீட்டில் தங்கிவிட்ட அக்காவும் தம்பியும்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல, காதில் விழுந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிஸெர்த் நகரின் பழைய துறைமுகத்தை ஒட்டிய எங்கள் சந்தில், எதிர்வீட்டு ஹெனியாக்கா பலகாரம் மடிக்கிற மெல்லிய மாவுத்தாள் செய்து விற்கிறாள். நோன்பு மாதம் நெருங்கிக்கொண்டிருந்ததால் சீக்கிரமே வாங்கி வைத்துவிடலாம் என்று போனேன். கதவைப் பாதி திறந்து மறித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வராத நெஜ்லா, இடமில்ல. ரெண்டு பேர் வந்து உக்காந்திருக்காங்க."

"யாருக்கா? ஸ்ஃபாக்ஸ்லேர்ந்து உங்க ஓரகத்தியா?"

"அக்காவும் தம்பியுமாம். யாரு வழிச் சொந்தம்னு தெரியல. அவ வஜ்தியோட துணிய மடிச்சுப் பெட்டியில வைக்கிறா. இவன் அதையே எடுத்து ஆணியில மாட்டுறான். காலைலேர்ந்து இதே வேலை. நான் என்னத்தச் சொல்ல? ரெண்டு பேருக்கும் சேத்து சமைச்சிட்டிருக்கேன்."

அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை. அடுப்பில் பெரிய பாத்திரம் மட்டும் இருந்தது. தனியாக இருப்பவளுக்கு அவ்வளவு பெரிய பாத்திரம் தேவையில்லை.

வஜ்தி அவளுடைய ஒரே மகன். குளிர்பதனப் பெட்டி பழுது பார்ப்பவன். கோடை முடியும்போது நண்பர்களோடு கள்ளத்தனமாகப் படகேறி அக்கரை நாட்டுக்குப் புறப்பட்டான். பிறகு அவன் குரல் வரவில்லை. படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

2

அன்றே எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"காலம் பிறப்பதற்கு முன்பே அந்தக் குடும்பம் இருந்தது. அதில் எவருக்கும் சாவில்லை. மூத்தவன் பெயர் முடிவு. அவனுக்கு அடுத்தவள் துக்கம். கடைக்குட்டி"

(நிறுத்திவிட்டேன். காலத்துக்கும் மூத்தவர்களுக்கு, சுவரில் ஈரம் ஊறும் ஹெனியாக்காவின் வீட்டில் என்ன வேலை?)

இரண்டாவது:

"சாகாமல் இருப்பதில் உள்ள பெரிய தொல்லை, உடன்பிறந்தவர்களோடு"

(இதுவும் வேண்டாம். சிரிக்க வைக்கப் பார்க்கிறது. எதிர்வீட்டில் ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள்.)

மூன்றாவதாக, எல்லோருக்கும் எங்கள் ஊர்ப் பெயராகவே வைத்தேன். வைத்ததும் ஆட்கள் நகர ஆரம்பித்தார்கள். மூத்தவன் ஸாதோக், அவன்தான் முடிவு. அடுத்தவள் பேயா, அவள் துக்கம். கடைக்குட்டி மோன்ஜி, நம்பிக்கை. பசி, தூக்கம், பயம் என்று இன்னும் உடன்பிறப்புகள் உண்டு. ஆனால் அவர்கள் எல்லார் வீட்டிலும் எப்போதும் இருப்பவர்கள், இந்தக் கதைக்கு வேண்டாம்.

குடும்பத்தில் ஒரு வழக்கம். ஒரு வீட்டில் ஸாதோக் நுழைந்து வெளியேறிய பிறகுதான் பேயா போக வேண்டும். பேயா வந்துவிட்டால் மோன்ஜி கிளம்பிவிட வேண்டும். எத்தனையோ காலமாக இது பிசகியதில்லை. ஹெனியாவின் வீட்டில் பிசகிவிட்டது.

3

(இனி வருவது நான் எழுதியது. அல்லது அப்படித்தான் நினைக்கிறேன்.)

பேயா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் போகிற வீடுகளில் எல்லாம் வேலை செய்வாள். மோன்ஜி காதில் மல்லிகைக் கொத்தைச் செருகிக்கொண்டு சன்னலில் சாய்ந்து நின்றான்.

"அண்ணன் வந்துட்டுப் போனாராக்கா?"

"தெரியாது."

"தெரியாமயே வந்து உக்காந்துட்டியா?"

"அந்தம்மா அழுத அழுகை கேட்டுச்சு. வந்துட்டேன். நீ ஏன்டா இன்னும் போகல?"

"வஜ்தி பை கட்டுனப்பவே நான் வந்தவன். என்னை அனுப்பணும்னா அண்ணன் வந்து சொல்லட்டும்."

"நீ இருக்கிற வரைக்கும் இவ தூங்க மாட்டா. படியில காலடிச் சத்தம் கேட்டாலே எந்திரிச்சு உக்கார்றா."

"நீ இருக்கிற வரைக்கும் சாப்பிடவே மாட்டேங்குறா. அதுக்கு என்ன சொல்ற?"

ஹெனியா உள்ளே வந்தாள். இருவர் முன்னாலும் தட்டு வைத்தாள். ஒருவர் தட்டில் கூடுதலாகவும் மற்றவர் தட்டில் குறைவாகவும் விழுந்துவிடக் கூடாது என்று கரண்டியைக் கவனமாகப் பிடித்திருந்தாள்.

4

இதுவரை எழுதியதை ஹெனியாக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை அவளிடமே திருப்பிக் கொடுப்பதில் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. மாவு ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பேயாவ சரியா எழுதியிருக்க. சின்னவன் இன்னும் கொஞ்சம் வாயாடி. மூத்தவன் எங்க?"

"இன்னும் வரலக்கா. தாடி வச்ச கிழவரா, பழைய அங்கி போட்டு"

"கிழவன் இல்ல. இளவட்டம். வெக்கப்படுவான். ஆள மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டான்."

ஸாதோக்கைப் படைத்தவள் நான். அந்தப் பெயரை வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவனை அவள் எங்கே பார்த்தாள் என்று கேட்கத் துணிவில்லை. 'கிழவர்' என்பதை அடித்தேன்.

பிறகு அவள் வேறொன்று சொன்னாள். அக்கரையில் சில உடல்கள் ஒதுங்கியிருக்கின்றனவாம். யார் யாருடைய பிள்ளை என்று பார்க்க, தாய்மார்கள் வந்து பரிசோதனைக்கு எச்சில் கொடுக்கச் சொல்லி, காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள்.

"போகப் போறீங்களா?"

"அக்காக்காரி போங்கறா. தம்பிக்காரன், 'போனா வஜ்திய நீயே கொன்ன மாதிரி'ங்கறான்." தட்டைத் துணியால் துடைத்தாள். "நீ எழுதறவதானே. உன் கதையில நான் போறேனா?"

போகாமல் இருந்தால் கதை இந்தச் சமையலறையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். எழுதுகிறவளுக்கு அது சௌகரியம் இல்லை. அந்த எண்ணம் வந்ததற்காக என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"உங்க இஷ்டம்க்கா" என்றேன்.

இரண்டு நாள் யோசித்தாள். பிறகு போனாள். வாயில் பஞ்சுக் குச்சியைவிட்டுத் துடைத்து எடுத்தார்களாம். "குழந்தைக்கு மருந்து தடவுற மாதிரி இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள்.

5

கால்வாய்ப் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். சரக்குக் கப்பல் ஒன்று கடந்து போகும்வரை எல்லா வண்டிகளும் காத்திருந்தன. நானும் நடைபாதையில் நின்றேன். பக்கத்தில் ஓர் இளைஞன் கம்பியைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

(இந்த இடத்தை மூன்று முறை அடித்து எழுதியிருக்கிறேன். ஒரு பாத்திரம் எழுத்தாளரைச் சந்திக்க வருவது பழைய வித்தை, எனக்கே பிடிக்காது. ஆனால் வேறு எப்படிச் சொல்வது? அவன் வந்தான்.)

"நீங்கதானே எங்க குடும்பத்தப் பத்தி எழுதறது?" என்றான். என்னைப் பார்க்கவில்லை.

"ஸாதோக்கா?"

தலையாட்டினான். "ஒண்ணு கேக்கணும். அந்தப் படகுக்கு நான் போனேனா, போகலையா?"

"அது உனக்குத்தானே தெரியணும்."

"அன்னிக்கு நிறையப் படகு. இருட்டு. யார் பேரும் கேட்டுக்கல." கம்பியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டினான். "அக்கா என்கிட்ட பேச மாட்டேங்கறா. தம்பி என்னப் பாத்தாலே ஒளிஞ்சுக்கறான். நீங்க எழுதிட்டீங்கன்னா அதுபடி வச்சுக்கறேன். போனேன்னு எழுதினாலும் சரி, போகலைன்னு எழுதினாலும் சரி."

"நான் எழுதினா அது நடந்ததா ஆகிடுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் கடைசியில மட்டும் வர்ற ஆளு."

பாலம் இறங்கியது. ஒலிப்பான்கள் அலற ஆரம்பித்தன. கூட்டத்தில் அவனைத் தவறவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு முடிவுகளை எழுதினேன். ஒன்றில் அக்கரையின் சிறைக் கூடம் ஒன்றிலிருந்து தொலைபேசி வருகிறது, வஜ்தி "அம்மா" என்கிறான். மற்றொன்றில் ஸாதோக் படியேறி வந்து ஹெனியாவின் கதவைத் தட்டுகிறான். இரண்டையும் நன்றாகவே எழுதியிருந்தேன். எது பொய் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

6

அலுவலகத்திலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். முடிவு வந்துவிட்டதாம், நேரில்தான் சொல்வார்களாம். ஹெனியாக்கா என்னைத் துணைக்கு அழைத்தாள். நல்ல துணி உடுத்தியிருந்தாள். பேருந்தில் ஏறியதும் என்னை ஓர் ஓரமாக உட்கார வைத்துவிட்டு, தனக்கு இருபுறமும் இடம் விட்டு உட்கார்ந்தாள். நின்றுகொண்டிருந்த ஒருவர் அங்கே உட்காரப் போனபோது, "ஆள் இருக்கு" என்றாள். அவர் சுற்றிலும் பார்த்தார், நகர்ந்துகொண்டார்.

அலுவலகத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன்.

"நீ இரு. நீ வந்தா எழுதிடுவ."

கதவு சாத்திக்கொண்டது. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு குரலும் வரவில்லை. நாற்காலி நகரும் சத்தம் மட்டும் ஒருமுறை கேட்டது. அவள் எழுந்ததாக இருக்கலாம். உட்கார்ந்ததாகவும் இருக்கலாம்.

(இங்கே அவள் முகத்தை வர்ணிக்க வேண்டும். வாசகர் அதற்காகத்தான் காத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். வெளியே வந்தவளின் முகத்தை நான் பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். கண் சிவந்திருந்தது. ஆனால் நல்ல செய்தி கேட்டாலும் கண் சிவக்கும். உதடு இறுகியிருந்தது, ஆனால் அவள் உதடு எப்போதுமே)

"அக்கா?"

"பசிக்குது" என்றாள் ஹெனியாக்கா. "குளிருது வேற. வா, கொண்டக்கடலை சூப் குடிக்கலாம்."

7

சந்தைக்குப் பின்னால் உள்ள கடையில் உட்கார்ந்தோம். பழைய ரொட்டியைக் கிண்ணத்தில் பிய்த்துப் போட்டாள். நானும் பிய்த்தேன். கேட்டுவிட நாக்கு துடித்தது. அவளே பேசினாள்.

"கதைய முடிச்சிட்டியா?"

"இல்லக்கா. தெரியல."

"எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா உனக்குச் சொல்ல மாட்டேன். கோவிச்சுக்காத. நீ எழுதினா ஊரெல்லாம் படிக்கும். இது இன்னும் கொஞ்ச நாள் எனக்கு மட்டும் இருக்கட்டும்."

"சரிக்கா."

"அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் இன்னிக்குக் கிளம்பறாங்க. அத வேணா எழுதிக்கோ."

"யாரு கிளம்பறது?"

கடைக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். "நூரி, இன்னொரு கிண்ணம் குடு. காரம் கம்மியா."

நூரி எங்கள் இருவரையும் பார்த்தார். மேசையில் வேறு யாரும் இல்லை. சுடச்சுடக் கடலையை ஊற்றி, சீரகத்தூள் தூவி, எண்ணெய் விட்டு, மூன்றாவது கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஹெனியாக்கா அதைக் காலியாக இருந்த நாற்காலியின் பக்கம் மெல்லத் தள்ளினாள். அந்த நாற்காலியைப் பார்த்து, "ஆறறதுக்குள்ள சாப்பிடு. வழி ரொம்ப தூரம்" என்றாள்.

விடைபெறப் போகிற பேயாவுக்கா அந்தக் கிண்ணம்? மோன்ஜிக்கா? வெட்கப்பட்டுக்கொண்டு வாசலில் நின்ற மூத்தவனையும் அழைத்து உட்கார வைத்துவிட்டாளா? இல்லை, அவள் பிள்ளைக்கா, அவன்தான் காரம் தாங்க மாட்டானா? கேட்கலாம். அவள் என் எதிரில்தான் இருக்கிறாள். ஆனால் என்னிடம் சொல்ல மாட்டாள், நான் எழுதிவிடுவேன்.

நீங்கள் எழுதுகிறவர் இல்லையே. என் பக்கத்தில் இடம் இருக்கிறது. வந்து உட்காருங்கள், ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே நீங்கள் கேளுங்கள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.