கொம்பனிக் கீப்பர்

துறைமுக வாசலுக்கு உள்ளே, கொம்பனி ஒபிசின் தகரத் தாழ்வாரத்தில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் ஜக்சன் விடிந்ததும் வந்து உட்கார்ந்திருந்தான். வலது கையைச் சுற்றி மனைவி கிறிஸ்டின் கட்டிவிட்ட ஈரத்துவாய் காய்ந்து விறைத்துப் போயிருந்தது. துவாய்க்கு வெளியே தெரிந்த விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. மடியில் வைத்தால் குத்தியது, தொங்கவிட்டால் இடித்தது. கடைசியில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மனேஜரின் வாகனம் வரும் வழியைப் பார்த்திருந்தான்.

எதிரே இறங்குதுறையில் உரக் கப்பல் கட்டிக் கிடந்தது. கப்பலின் அடியறையிலிருந்து யூரியா மூட்டைகள் கயிற்று வலையில் கிளம்பி வந்து லொறியில் இறங்கின. வலையைத் தூக்கி இறக்கும் விஞ்ச் யந்திரத்தில் இருந்தது கிண்ணியா அபூதாஹிர். அவர் இறக்கினால் மூட்டை லொறியைத் தொடுவது தெரியாது. முட்டைக் கூடையை இறக்கி வைப்பதுபோல இருக்கும்.

மூட்டைக்காரர்கள் போகும்போது ஜக்சனின் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். "கீப்பர், நேத்து நீ மனுசனில்லையடா!" என்றான் ஒருவன். "ஏன் இன்னும் ஆசுப்பத்திரிக்குப் போகேல்ல?" என்று கேட்டான் இன்னொருவன்.

"மனேஜர் சேர் தன்னைக் கண்டிட்டுப் போகச் சொன்னவர்," என்றான் ஜக்சன்.

நேற்று ஞாயிறு, டவுன் மைதானத்தில் உதைபந்து இறுதியாட்டம். கொழும்புக் கொம்பனி ஒன்றோடு மோதல். ஜக்சனின் அணி ஒரு கோல் முன்னுக்கு நின்றது. முடிகிற நேரத்தில் கொழும்புக்காரன் ஒருவன் தனியே பந்தோடு ஓடி வந்தான். ஜக்சன் யோசிக்கவில்லை, அவன் காலடியில் பாய்ந்து விழுந்தான். பந்து நெஞ்சுக்குள் வந்துவிட்டது. ஓடி வந்தவனின் சப்பாத்தோ கைமேல் ஏறிவிட்டது. விசில் ஊதியபோது சனம் கயிற்றைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. முதலில் வந்து சேர்ந்தவர் அபூதாஹிர்தான். தன் சேர்ட்டைக் கழற்றிக் கையைச் சுற்றிக் கட்டி, ஜக்சனை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தார். மனேஜர் குணரத்தினம் சிரித்த முகத்தோடு கிட்ட வந்து காதுக்குள் சொன்னார்: "இண்டைக்கு ஆசுப்பத்திரிக்குப் போகாத. காலமை ஒபிசுக்கு வா. நான் பாத்துக்கொள்ளுறன்."

அதனால்தான் இரவு முழுக்க முறிந்த கையோடு பாயில் புரண்டான். குணரத்தினம் சொன்னால் ஜக்சன் தட்டுவதில்லை. தட்டக்கூடிய நிலைமையிலும் அவன் இல்லை.

இருபது வயதில் கொழும்புக் கழகம் ஒன்று அவனைக் கூப்பிட்டது. அவனுடைய ஊரான பாலையூற்றுச் சனம் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி அனுப்பி வைத்தது. அங்கே நாலு பருவம் கையுறையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வெளியே வாங்கில் இருந்ததுதான் மிச்சம். முதல் கீப்பருக்கு ஒரு தடிமல் காய்ச்சல்கூட வரவில்லை. வரவேண்டும் என்று மன்றாடியதை அவன் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லியிருக்கிறான். பிறகு ஊருக்கு வந்து வேலைவெட்டி இல்லாமல் திரிந்தபோது, ஊர்ப் போட்டியொன்றில் குணரத்தினம் அவனைக் கண்டார். அவருடைய தம்பி ஸ்கொட்லாந்தில், கிளாஸ்கோவில். அங்கே ஒரு வருசம் நின்று ஆட்டம் ஆட்டமாகப் பார்த்துவிட்டு வந்தவர். "ஸ்கொட்லாந்துக் கீப்பர்மாதிரி நிக்கிறாயடா," என்று சொல்லித் துறைமுகத்தில் மூட்டை வேலை கொடுத்தார். நாட்கூலி. நிரந்தரமாக்குவதாகச் சொல்லிச் சொல்லியே ஜக்சனின் தலையில் நரை கண்டுவிட்டது.

போட்டி நெருங்கினால் அவனை மத்தியானத்தோடு பயிற்சிக்கு விட்டுவிடுவார்கள். அவன் பங்கு மூட்டைகளை மற்றவர்கள் சுமப்பார்கள். தொடக்கத்தில் முணுமுணுத்தார்கள். "அவன்ர கைய மூட்டைக்குக் குடுத்தா, பந்துக்கு ஆர் கை குடுக்கிற?" என்று அபூதாஹிர் ஒரு சத்தம் போட்டார். அதோடு முணுமுணுப்பு நின்றது.

குணரத்தினம் வந்ததும் அவனை உள்ளே கூப்பிட்டார். தேத்தண்ணி வந்தது, அவருக்கு மட்டும்.

"எப்பிடிக் கை?"

"விடிய விடிய நித்திரை இல்ல சேர்."

"ஸ்கொட்லாந்தில பாக்கோணும் நீ. கீப்பருக்கு விரல் சுளுக்கினாலே டொக்டர் ஓடி வருவான். கை முறிஞ்சா சுகமாகுமட்டும் இருத்திவச்சுச் சம்பளம். நாப்பது வயசிலயும் விளையாடுறாங்கள்."

"ஆர் சேர் அந்தச் சம்பளம் குடுக்கிறது?"

"கிளப்தான். பந்து பிடிக்கிறதுதானே அவன்ர வேலை."

ஜக்சனுக்கு வயிற்றில் கொஞ்சம் பால் வார்த்ததுபோல இருந்தது. "அப்ப எனக்கும் சேர்..."

"உனக்கு வேலை மூட்டை." குணரத்தினம் தேத்தண்ணியை ஊதினார். "பந்து உன்ர விருப்பம். விருப்பத்தில முறிஞ்ச கைக்குக் கொம்பனி பொறுப்பில்ல. மூட்டை தூக்க ஏலாதவனை வச்சிருக்க மேலிடமும் விடாது. ஆனா, வேலையில முறிஞ்ச கையெண்டா கதை வேற. இன்சூரன்ஸ் இருக்கு. வேலையும் இருக்கும்."

"வேலையிலயோ?"

"இண்டைக்குக் காலமை லொறிக்குப் பக்கத்தில நிண்டனீ. மூட்டை வலை ஆடி வந்து கையை லொறிச் சட்டத்தோட நசிச்சுப்போட்டுது. காத்து. விளங்குதோ?"

"விஞ்சில அபூதாஹிர் நானா எல்லே சேர் நிக்கிறார். அவருக்கு ஒண்டும் வராதோ?"

"காத்துக்கு ஆரடாப்பா பொறுப்பு? போ, இப்ப ஆசுப்பத்திரிக்குப் போ."

ஜக்சன் வீட்டை நினைத்தான். இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, அவன் ஒருவனுடைய கூலி. தலையை ஆட்டினான். ஆசுப்பத்திரியிலும் அதையே சொன்னான். முதல்முறை சொல்லும்போது நாக்குத் தடுக்கியது. அடுத்த முறை தடுக்கவில்லை.

இன்சூரன்ஸ்காரர் வந்த நாளில் கொம்பனி வாசலில் பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். வெற்றிக் கிண்ணத்துக்கு வாழ்த்து. நடுவில் பெரிய படம்: மேலுடம்பு வெறுமையாக அபூதாஹிர், அவர் முதுகில் ஜக்சன், சேர்ட்டால் சுற்றிய வலது கை வானத்தில். இன்சூரன்ஸ்காரர் தன் காரை அதற்குக் கீழேதான் நிற்பாட்டினார். அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்ல ரீம் போல," என்று குணரத்தினத்திடம் சொன்னார். குணரத்தினம் சிரித்தார். ஜக்சன் மாவுக்கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

ஜக்சன், மனேஜர் சொல்லிக்கொடுத்த கதையைச் சொன்னான். வந்தவர் தலையைச் சொறிந்தார்.

"காத்தெண்டா அது கடவுள்ர செயல். அதுக்கு நாங்கள் குடுக்கிறேல்லயே. ஆரும் கவனமில்லாம வேலை செய்திருக்கோணும். விஞ்ச் வழமையைவிட வேகமா வந்ததோ?"

ஜக்சன் குணரத்தினத்தைப் பார்த்தான். குணரத்தினம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அபூதாஹிரின் விஞ்சு வேகமாக வந்ததை அவன் ஒருநாளும் கண்டதில்லை. இரண்டு பேரும் அவன் வாயைப் பார்த்துத்தான் காத்திருக்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கியது.

"கொஞ்சம் வேகமாத்தான்..." என்றான்.

அவ்வளவுதான். வந்தவர் பேனையை மூடினார். கைக்குள் வந்த பந்து நழுவியதுபோல இருந்தது ஜக்சனுக்கு. ஆனால் வாயால் போனதைப் பாய்ந்து பிடிக்கக் கீப்பராலும் முடியாது.

மாவுக்கட்டு வெட்டிய அன்று பின்னேரம் கிறிஸ்டின் குசினி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"அபூதாஹிர் நானாவை விஞ்சால இறக்கிப்போட்டாங்களாம். மனேஜற்ற மச்சான் ஒருத்தனை ஏத்தியிருக்காம். நானாவுக்குக் கப்பலுக்குள்ள மூட்டை அடுக்கிற வேலையாம். சந்தையில கதைக்கினம்."

ஜக்சன் நிலத்தைப் பார்த்தான்.

"உங்கட கையை நசிச்சவர் எண்டுதானாம். உங்கட கையை நசிச்சது கொழும்புக்காரன்ர சப்பாத்தெல்லே? நானும் பாத்துக்கொண்டுதானே நிண்டனான். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அவன் மாவுக்கட்டு வெட்டிய கையைத் தடவினான். "அந்த இன்சூரன்ஸ் காசிலயோ நாங்கள் இவ்வளவு நாளும் சாப்பிட்டது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் ஜக்சன் பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனான். பாலத்தைக் கடக்கும்போது திரும்பிவிடுவோமா என்று நினைத்தான். அபூதாஹிர் வீட்டில் இல்லை, தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி அசனா அவனைக் கண்டதும் பதறிப்போய்க் கதிரையை இழுத்து முந்தானையால் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணி கொடுத்தாள். கிளாசை அவன் இடது கையால் வாங்கியதைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கட ஆள் வேணுமெண்டு செய்யல்ல தம்பி. இத்தின வருசத்தில ஒரு ஆளுக்கும் ஒரு கீறல் வந்ததில்ல. அண்டைக்கு என்ன நினைப்பில நிண்டாரோ. நாங்க வந்து பாத்திரிக்கணும். வெக்கத்தில வரல்ல. மனசில வெச்சிராதீங்க தம்பி."

ஜக்சன் கிளாசைக் கீழே வைத்தான். மன்னிப்புக் கேட்க வந்தவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று அவனுடைய தாய் சொல்லக் கேட்டிருக்கிறான். பழி விழுந்த இடம் தனக்கு முந்தானையால் கதிரை துடைக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. எழுந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது.

அபூதாஹிர் வந்தார். அவனைக் கண்டு தொப்பியைக் கழற்றி மடித்தார். "வா, வெளிய நிப்பம்," என்று சொல்லி வேலிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய உள்ளங்கைகளில் புதிதாகத் தோல் உரிந்திருந்தது. முதுகைப் பிடித்துக்கொண்டுதான் வேலிக் கட்டையில் சாய்ந்தார்.

"வீட்டில ஏன் நானா உண்மையைச் சொல்லேல்ல?"

"சொன்னா அவ ஊரக் கூட்டிருவா. உனக்கும் வேலை போயிரும். ரெண்டு ஊட்டு அடுப்பும் அணையணுமா?"

"நானா, நான்..."

"காத்தெண்டு சொல்லியிரிக்கலாமேடா." அபூதாஹிரின் குரல் உயரவில்லை. "காத்துக்குப் புள்ளகுட்டியா இரிக்கி?"

காற்றென்றால் காசு கொடுக்கமாட்டார்களாம் என்பதுதான் ஜக்சனிடம் இருந்த பதில். அதை விழுங்கிவிட்டுப் பஸ் வரும் பக்கம் பார்த்தான். பஸ் வந்தபோது அபூதாஹிர் கையைக் காட்டி நிறுத்தி அவனை ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலை குணரத்தினத்தின் மேசைக்கு முன்னால் நின்று, "நான் சொன்னது பொய் சேர். நானாவில பிழையில்ல," என்றான். இரவெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வசனம்.

"ஓம். எனக்குத் தெரியுமே." குணரத்தினம் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "காசு எடுத்தது நீ. பொய் சொன்னது நீ. இனி மாத்திச் சொன்னா பொலிஸ் தேடி வாறது உன்னைத்தான். உன்ர மனிசிக்கு அதைச் சொல்லிப்போட்டு வந்தனீயோ?"

ஜக்சன் ஒரு அடி பின்னுக்கு வைத்தான்.

"அபூதாஹிரை விஞ்சில ஏத்தச் சொல்லி ஆரும் கேக்கேல்ல. அவனும் கேக்கேல்ல. நீ ஏன் அந்தரப்படுறாய்? மூதூரில ஒரு பொடியனைப் பாத்திருக்கிறன், இனி அவன் கோலுக்கு நிக்கட்டும். உனக்குச் சுகமான வேலை. கப்பல் தட்டில நிண்டு விஞ்ச்காரனுக்குக் கை காட்டு. அவனுக்குக் கப்பலுக்குள்ள நடக்கிறது தெரியாதெல்லே."

ஜக்சன் வெளியே வந்தான். அப்படியே வாசலால் வெளியேறிப் போய்விடலாம் என்று நினைத்தான். கால்கள் இறங்குதுறைப் பக்கம் போயின.

கப்பல் தட்டின் விளிம்பில் நின்று பார்த்தால் அடியறை கிணறுபோல ஆழத்தில் தெரிந்தது. அதற்குள் வெக்கையிலும் உரத் தூசியிலும் நாலைந்து பேர் மூட்டை அடுக்கினார்கள். உடம்பை வளைக்கச் சிரமப்படுகிறவர் அபூதாஹிர் என்று மேலிருந்தே தெரிந்தது. வலையைக் கொழுவியதும் கீழேயிருந்து ஒருவன் கையை உயர்த்துவான். ஜக்சன் அதைப் பார்த்து விஞ்சுக்குக் காட்டவேண்டும். விரித்த கையென்றால் தூக்கு, பொத்திய கையென்றால் நிறுத்து.

விஞ்சில் இருந்த புதியவன் இழுத்த இழுப்பில் வலை வெடுக்கென்று கிளம்பியது. ஆடிப் போய் இரும்பு விளிம்பில் மோதியது. மூட்டையொன்று கிழிந்தது. நிறுத்தச் சொல்லி ஜக்சன் வலது கையை முட்டியாகப் பொத்தி உயர்த்தப் பார்த்தான். விரல்கள் மடியவில்லை. புதியவன் விரிந்த கையைக் கண்டு இன்னும் இழுத்தான். ஜக்சன் இடது கையைப் பொத்தித் தூக்கிக் கத்தினான். வலை நின்றது.

யூரியா வெள்ளை வெள்ளையாக அடியறைக்குள் கொட்டியது. மற்றவர்கள் ஓடி ஒதுங்கினார்கள். முதுகு பிடித்த அபூதாஹிர் நின்ற இடத்திலேயே இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு குந்தினார். இறங்குதுறையில் நின்ற குணரத்தினம், "பாத்துப் பாத்து," என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டுத் தொலைபேசிக் கதையைத் தொடர்ந்தார்.

கொட்டி முடிந்ததும் அபூதாஹிர் எழும்பினார். தலையும் தோளும் வெள்ளையாகியிருந்தன. கண்ணைத் துடைத்தார், வலைக்கு அடியிலிருந்து விலகினார். மேலே நிற்பது யாரென்று நிமிர்ந்து பார்க்காமலே கையை மட்டும் உயர்த்தி, தூக்கலாம் என்று காட்டினார்.

ஜக்சன் மடியாத விரல்களோடு தன் கையை உயர்த்தி, அதையே மேலே விஞ்சுக்குக் காட்டினான்.