நான்கு அங்குல ஓட்டை

"காத்துதானே வருது? நெருப்பா வருது?"

"நெருப்பு மேலதான் வருது. அந்த இடது பக்கத்து பர்னரைப் பாருங்க..."

"முதல்ல நான் சொல்றதைக் கேளு. அது என்னன்னா..."

"எந்தப் பக்கம் சாயுது பாருங்க! கண்ணு இருக்குல்ல?"

"ஆம்ப்ளிஃபயர் சூடாகுது. சூடு வெளிய போகணும். அவ்வளவுதான் விஷயம்."

"போகட்டும். என் மூஞ்சியிலயா போகணும்?"

அக்காவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்துவிட்டு அன்று காலைதான் வீடு திரும்பியிருந்தேன். ஒரு வாய் தேநீர் குடிக்கலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தால், ஜுவாலை யாரோ பிடரியில் கைவைத்து அழுத்தியதுபோல் ஒரு பக்கமாகக் குனிகிறது. நிமிர்ந்து பார்த்தேன். எண்ணெய்ப் பாட்டில் வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில், சுவரில் வட்டமாக ஓர் ஓட்டை. அதற்குள் கறுப்பாக ஒரு சின்ன விசிறி விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. கையை நீட்டினேன். கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைத் திறந்தால் அடிக்குமே, அப்படி ஒரு வெக்கை. அதோடு சேர்ந்து, கூடத்தில் ஓடிய பாட்டும் லேசாக வந்தது.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில்தான் என் வீட்டுக்காரருடைய மர அலமாரி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பாட்டுப் பெட்டிகளுக்கென்று அளவெடுத்துச் செய்தது. தூசி படக்கூடாது என்று கண்ணாடிக் கதவு. பெட்டிக்கு மேல் பெட்டியாக அடுக்கி, கதவை இறுக்கிச் சாத்தி, உள்ளே விளக்கு எரியவிட்டு உட்கார்ந்து கேட்பார். ஆம்ப்ளிஃபயர் அரை மணி நேரம் பாடும். சூடு தாங்காமல் தானே அணைந்துவிடும். "கதவைத் திறந்து வெச்சுட்டுக் கேளுங்களேன்" என்று முதல் வாரமே சொன்னேன். தூசியாம். "சரி, மேல இருக்கற பெட்டியையாவது கீழ இறக்கி வைங்க" என்றேன். "உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றார். போன சனிக்கிழமை இவருடைய நண்பர்கள் நான்கு பேர் வந்து கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருக்கும்போது, பாட்டு பாதியில் நின்றுபோனது. "என்னப்பா, அதுக்கும் ரிட்டயர்மெண்டா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

"விசிறியை அலமாரிக்குள்ளயே வெச்சா என்னவாம்?"

"மெதுவா பாடற இடத்துல விசிறி சத்தம் கேக்கும். அதான் பின்னாடி வெச்சோம்."

"பின்னாடின்னா?"

"பின்னாடிதான்."

"பின்னாடி நான் இருக்கேன்."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு பெரிய மனது பண்ணுகிறவர்போலச் சிரித்தார். "கோவிச்சுக்காத. ஒரு விதத்துல உனக்கும் நல்லதுதானே? வேலை செஞ்சுக்கிட்டே பாட்டு கேக்கலாம்."

முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் பல பேச்சுக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்று கேட்டதில்லை. கையில் இருந்த பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தேன். வேகமாக வைத்திருந்தால் அது வேறெங்காவது போய் விழுந்திருக்கும்.

அலமாரிப் பலகையில் துளை போட்டதும் சுவரைத் துளைத்ததும் ஒரே ஆள். எதற்கெடுத்தாலும் குமிழி ஓடுகிற ரசமட்டத்தை வைத்துச் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதால் தெருவில் அவருக்கு ரசமட்டம் என்றே பெயர். ஓட்டையைச் சுற்றிச் சிமெண்ட் பூசி முடிக்க அன்று வந்திருந்தார். எங்கள் சண்டையில் சிக்காமல் சுவரோடு சுவராக நின்று பூசிக்கொண்டிருந்தவர், தன் வேலையைப் பற்றிப் பேச்சு வந்ததும் வாயைத் திறந்தார்.

"சார் சொன்னபடிதாம்மா செஞ்சேன். கீழ்ப் பலகையில ஆறு துளை, குளிர்ந்த காத்து உள்ள வர. மேல இந்த ஒண்ணு, சூடு வெளிய போக. படமே வரைஞ்சு குடுத்தாரு."

படம் சாப்பாட்டு மேஜைமேல் இருந்தது. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள். கீழே ஆறு நீல அம்புக்குறிகள் அலமாரிக்குள் நுழைந்தன. மேலே ஒரு சிவப்பு அம்புக்குறி சுவரைத் தாண்டி வெளியே வந்தது. அது முடிகிற இடத்தில் இவர் ஒன்றும் வரையவில்லை. அடுப்பு இல்லை, தட்டு இல்லை, ஆள் இல்லை. வெறும் வெள்ளைத்தாள்.

சூடு மேலே ஏறும், மேலே வழி வேண்டும் என்பதை இவர் எவ்வளவு அழகாகப் புரிந்துவைத்திருக்கிறார்! இதையேதான் பதினாறு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் சமையலறை ஜன்னல் தொட்டிக்குப் பக்கத்தில், இடுப்புயரத்தில் இருக்கிறது. புகை அந்த வழியாகப் போகாது. மேலே போய் முட்டி, கூரையில் கறுப்பாகப் படிந்து, திரும்ப என் தலைமேலேயே இறங்கும். ஒரு புகைபோக்கி விசிறி, வெளிச்சுவரில் ஓர் ஓட்டை, வேறொன்றும் கேட்டதில்லை. நெஞ்சில் விசில் அடிக்க ஆரம்பித்த வருஷம் டாக்டரே இவரிடம் சொன்னார். இவர் மருந்து இழுக்கிற குழாய் வாங்கி வந்தார். "தாளிக்கும்போது மூக்குல துணி கட்டிக்கோ" என்றார். சுவரைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் ஒரே பதில்: "அது பாரம் தாங்கற சுவர். கைவெச்சா மேல்மாடி இறங்கிடும்." நானும் நம்பினேன். ஆணி அடிக்கக்கூடப் பயந்து, காலண்டரைக் கதவில் மாட்டினேன்.

"இந்த ஓட்டை போட எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று ரசமட்டத்திடம் கேட்டேன்.

"இது மெல்லிசு சுவரும்மா. அரை மணி நேரம்."

"அந்த வெளிச்சுவர்ல போட்டா?"

"ஏய், அது வேற இது வேற..." என்றார் இவர்.

ரசமட்டம் அதற்குள் போய், சிமெண்ட் பூசுகிற கரண்டிக் காம்பால் வெளிச்சுவரை இரண்டு இடத்தில் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார். "இது கொஞ்சம் கனம். ஒரு மணி நேரம் ஆகும்."

"மேல்மாடி?"

"அதுக்கென்னம்மா?"

"இறங்காதா?"

அவர் சிரித்துவிட்டார். "தூணுதாம்மா தாங்குது. சுவரு சும்மா மறைப்புக்கு."

"ஏம்ப்பா, உன்னை யாராவது கேட்டாங்களா?"

"அம்மா கேட்டாங்களே சார்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் அந்தப் படத்தை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். "நான் என்ன இஞ்சினியரா? அப்போ யாரோ சொன்னாங்க."

"யாரு?"

"யாரோ. இப்ப ஞாபகம் இல்ல."

"யாரையும் கூப்பிட்டு நீங்க கேக்கல. வாய்க்கு வந்ததைச் சொன்னீங்க. நான் இருமிட்டுப் போயிட்டேன். அப்படித்தானே?"

"சின்ன விஷயத்தை ஊதி ஊதி..."

"ஊதறதுக்கு எனக்கு எங்க மூச்சு இருக்கு?"

கூடத்தில் அந்தப் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. நான் ரசமட்டத்தின் பக்கம் திரும்பினேன். "அந்த மிஷினை எடுங்க. இப்பவே போடுங்க. விசிறி வர்றப்ப வரட்டும், ஓட்டை இன்னைக்கு இருக்கணும்."

"இன்னைக்கா?" இவர் குரல் உயர்ந்தது. "நாலு மணிக்கு அவங்க எல்லாம் வர்றாங்க. வெளிச்சுவரைத் துளைச்சா எவ்வளவு தூசி பறக்கும் தெரியுமா? அவ்வளவும் இந்த ஓட்டை வழியா நேரா அலமாரிக்குள்ள போகும். ஆம்ப்ளிஃபயர் என்னத்துக்கு ஆகும்? திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

"எந்தத் திங்கக்கிழமை?"

அலமாரியைப் பற்றித்தான் கவலை என்றால் அதற்கு என்னிடம் மருந்து இருந்தது. ஷெல்ஃபிலிருந்து பெரிய பாத்திரத்தின் மூடியை எடுத்து அந்த ஓட்டையின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். பூசிய சிமெண்ட் ஈரமாக மணிக்கட்டில் ஒட்டியது. விசிறி மூடியைத் தள்ளிப் பார்த்தது. தகரம் கிடுகிடுவென்று நடுங்கியது. நான் கையை எடுக்கவில்லை.

ரசமட்டம் துளையிடும் மிஷினைத் தூக்கினார். வெளிச்சுவரில் என் தலைக்கு ஒரு சாண் மேலே பென்சிலால் வட்டம் போட்டார். மிஷினின் முனையை வட்டத்தின் நடுவில் வைத்தார். விரல் பொத்தான்மேல் இருந்தது. அப்படியே நிறுத்தி, என் தலைக்கு மேலாக, சமையலறை வாசற்படியில் நின்ற இவரைப் பார்த்தார்.

"சார், ஆரம்பிக்கட்டுமா?"

இவர் வாயைத் திறக்கப் போனார்.

"அங்க என்ன பாக்கறீங்க? சொன்னது நான்தானே?"