ஹெல்வே பெட்டி வந்து சேரவில்லை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பொடி எழுத்து வரியிலிருந்து கிடைத்தது. எங்கள் வடதீவுகள் தொகுதியின் தேர்தல் வரலாற்றைச் சிறு புத்தகமாக எழுதித் தரச் சொல்லி தீவுக் கவுன்சிலில் கேட்டார்கள். இருபது வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறவன், சும்மாதானே இருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். உட்கார்ந்து எழுதினேன். யார் நின்றார், யார் வென்றார், எத்தனை ஓட்டு வித்தியாசம். லிபரல் கட்சி, டோரி கட்சி, லிபரல், மறுபடியும் லிபரல். எழுதுகிறவனுக்கே கொட்டாவி வரும் வரலாறு. ஒரே ஒரு பிப்ரவரித் தேர்தலின் அட்டவணைக்குக் கீழே மட்டும் இப்படி இருந்தது: "ஹெல்வே தீவின் பெட்டி வானிலையால் தாமதம். முடிவு சனிக்கிழமை மாலை அறிவிக்கப்பட்டது."

படித்ததும் பேனாவைக் கீழே வைத்தேன். எனக்குக் கடல் என்றால் பயம். (தீவில் குடியிருந்துகொண்டு இப்படிச் சொல்வது வெட்கக்கேடுதான். இருக்கட்டும்.) புயல் நாளில் அந்தப் பெட்டியை யாரோ ஒருவர் படகில் ஏற்றியிருக்க வேண்டும்.

[ஹெல்வேயை வரைபடத்தில் தேடாதீர்கள். தொகுதி, தீவு, மனிதர்கள் எல்லாமே நான் வைத்த பெயர்கள்.]

2

முதலில் எழுதியது: "கடல் கறுத்துக் கிடந்தது. ஓஸ்லா மெல்ல"

வேண்டாம். கறுக்காத கடலைக் கதையில் யார் பார்த்தது?

அடுத்தது: "ஹெல்வேயில் அன்று வாக்களித்தவர்கள் நாற்பத்தொரு பேர். அவர்களுள்"

இது கவுன்சிலுக்கு எழுதுகிற கை. கதைக்கு ஆகாது.

மூன்றாவது நின்றது: ஓஸ்லா மூவட்டுக்கு அந்தத் தகரப் பெட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அவள் தீவின் ஒரே ஆசிரியை. தேர்தல் வந்தால் அவளே வாக்குச்சாவடி அதிகாரி. வியாழன் இரவு பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்தாள். அதே இரவில் காற்று ஆரம்பித்தது. வெள்ளி முழுக்க அடித்தது. சனி காலையிலும் பெட்டி கரும்பலகைக்குக் கீழேயே இருந்தது. அதை நகரத்து எண்ணும் கூடத்தில் அவள் தன் கையால் ஒப்படைக்க வேண்டும். நடுவே இருபது மைல் கடல்.

3

தீவுக்கு ஒரே தொலைபேசி, மான்ஸியின் கடையில். மறுமுனையில் துணைத் தேர்தல் அதிகாரி ஹால்க்ரோ.

"மிஸ் மூவட், நான் உங்களை வரச் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அங்க காத்து எப்படின்னு மட்டும் கேக்கறேன்."

"நேத்து மாதிரியேதான் சார்."

"கொஞ்சம்கூடக் குறையலையா?"

"இல்ல."

"லண்டன்ல இருந்து மூணு தடவை கூப்பிட்டுட்டாங்க. அதான்."

"மத்த பெட்டியெல்லாம் எண்ணியாச்சா சார்?"

"அதை நான் சொல்லக்கூடாதும்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "இருபத்திமூணுதான் வித்தியாசம்."

பக்கத்தில் காது கொடுத்து நின்ற மான்ஸி மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"இருபத்திமூணா? நம்மகிட்ட நாப்பத்தொண்ணு இருக்கு. எங்கப்பா காலத்துலேருந்து நம்ம பெட்டி போய்ச் சேர்றப்ப அங்க நாற்காலியெல்லாம் மடக்கி வச்சிருப்பாங்க. ஜெயிச்சவன் ரெண்டாவது ரவுண்டு விஸ்கியில இருப்பான். இன்னிக்குத்தான், ஓஸ்லா, நமக்காகக் காத்துக் கிடக்கறாங்க. நம்ம ஓட்டுல ஜெயிச்சவன் நமக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டாம எங்க போவான்?"

"சுவர் இல்லாத துறையிலதானே மான்ஸி இன்னிக்கு நாங்க படகு எடுக்கணும்?"

மான்ஸி எழுந்தான். மூட்டையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

(அந்தச் சுவரைத்தான் இந்தத் தொகுதியில் நின்ற ஒவ்வொருவரும் தருவதாகச் சொன்னார்கள். என் புத்தகத்தில் பாதி அந்தச் சுவர்தான். ஒரு கல்கூட விழவில்லை.)

மான்ஸியைக் கெட்டவனாக்கப் பார்த்தேன். கதைக்கு அது சௌகரியம். முடியவில்லை. அவன் தம்பி போனது அந்தத் துறையில்தான், கரையிலிருந்து கல்லெறி தூரத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அவன் சுவர் கேட்காமல் வேறு யார் கேட்பது? திட்ட எனக்கு வாய் வரவில்லை.

4

தபால் படகு ஓட்டுகிறவன் கிப்பி. ஓஸ்லாவின் தம்பி. ஈரக் காலுறையோடு பள்ளிக்கூடத்துக்குள் வந்தான்.

"அக்கா, தெக்கால கொஞ்சம் வெளுத்திருக்கு. கிளம்பினா இப்பக் கிளம்பணும்."

"அலை எவ்வளவு உயரம்டா?"

"தலைக்கு மேல போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன."

"விளையாடாதே."

"சரி, விளையாடல. பெட்டியை எங்கிட்ட குடு. நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன். நீ வரவேணாம்."

"நான் கூட வந்தாத்தான் அந்தப் பெட்டி செல்லும். இதான் சட்டம்."

"சட்டம் வந்து படகு ஓட்டுமா?"

"உனக்குப் பயமா இல்லையா கிப்பி?"

அவன் அடுப்பில் கையைக் காட்டிக் குளிர் காய்ந்தான். "இருக்கு. உன்னை ஏத்திட்டுப் போறதை நினைச்சாத்தான் ரொம்ப இருக்கு."

ஓஸ்லா கரும்பலகைக்குக் கீழிருந்த பெட்டியைப் பார்த்தாள். சாகப் பயம். தன்னால் தம்பி சாவானோ என்று அதைவிடப் பெரிய பயம். போகாமல் இருந்துவிட்டால் இனி மான்ஸியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று இன்னொரு பயம். ஜன்னலுக்கு வெளியே ஊர் நின்றது. யாரும் எதுவும் கேட்கவில்லை.*

*படகுக்குப் போகிறவரை எங்கே என்று கேட்பது இங்கேயும் ஆகாது. நம் ஊர் மாதிரியேதான்.

அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

5

முடிவு ஒன்று: போகிறார்கள், நனைந்து விறைத்துப் போய்ச் சேர்கிறார்கள், கூடத்தில் கை தட்டுகிறார்கள், வென்றவர் ஓஸ்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கி "சுவர் கட்டாமல்

பொய் நாற்றம். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: "முனையைத் தாண்டும்போது படகின் இடப்பக்கம்

இதற்கு மேல் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

முடிவு மூன்று: ஓஸ்லா எழுந்திருக்கவில்லை. "நாப்பத்தொரு ஓட்டுக்கு ரெண்டு உசுரு ஜாஸ்தி. நான் வரல. நீயும் போகக்கூடாது" என்கிறாள். கிப்பி காலுறையைக் கழற்றி அடுப்போரம் போடுகிறான்.

இதை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் அட்டவணை மேசைமேல் இருந்தது. மொத்த வாக்குகளைக் கூட்டிப் பார்த்தேன். ஹெல்வேயின் நாற்பத்தொன்றும் அதில் இருக்கிறது. பெட்டி வந்திருக்கிறது. அரக்கு உடைத்து எண்ணியிருக்கிறார்கள். ஆனால் அட்டவணையை எத்தனை முறை பார்த்தாலும் பெட்டியோடு போன இருவரும் வந்தார்களா என்று அது சொல்லாது. ஓட்டைத்தான் எண்ணுவார்கள், படகில் வந்தவர்களை எண்ணுவதில்லை.

6

அதனால் புத்தகத்தில் அந்தத் தேர்தலின் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கவுன்சிலில் இரண்டு முறை கேட்டார்கள். தட்டச்சுக்காரர் விட்டுவிட்டார் என்று சொன்னேன். (தட்டச்சுக்காரரும் நான்தான்.)

பக்கம் காலியாக இருக்கும்வரை ஓஸ்லா பெட்டிமேல் உட்கார்ந்திருப்பாள். கிப்பி அடுப்போரம் நிற்பான். இருவருக்கும் மூச்சு இருக்கும். நான் நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டி போகாவிட்டால் சுவர் வராது. சுவர் வராவிட்டால் அடுத்த குளிர்காலத்தில் அந்தத் துறையில் யார் வீட்டுத் தம்பியோ. அந்தக் கதையை நான் எழுத வேண்டியதில்லை என்பதால் எனக்குச் சுலபம். ஹெல்வேக்காரர்களுக்கு அப்படியில்லை. ஜன்னலுக்கு வெளியே அவர்கள் இன்னமும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. முடிவை உங்களிடம் விடுகிறேன். இவ்வளவு தூரம் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி நாக்கு நுனியில் இருக்கும், நியாயம்தான்: கடைசியில் யார் ஜெயித்தது?

என்னிடம் விடை இருக்கிறது. கேட்டால் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த விடை உங்களிடம் வந்து சேர அந்த ஒரு படகைத் தவிர வேறு வழியில்லை. நீங்கள் கேட்டதும் அவள் எழுந்து பெட்டியைத் தூக்குவாள்.