இரண்டாவது பாட்டில்

நிமோனியா என்று சேர்த்திருந்த தம்பியின் ரத்தம் கிருமி வளர்த்துப் பார்க்கும் இரண்டு கல்ச்சர் பாட்டில்களில் ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்கு வந்திருந்தது. ஒன்றில் மட்டும் கிருமி வளர்ந்திருந்தது. அந்த ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கும் அக்கா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். ஊதா நிறத்தில் தடித்த குச்சிகள். மண்ணிலும் தூசியிலும் கிடக்கிற வகை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு பாட்டிலில் மட்டும் இந்தக் குச்சி வந்தால் தோலில் ஊசி போகும்போது ஒட்டிய அழுக்கு என்று எழுதுவதுதான் அங்கே வழக்கம்.

வார்டு நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, என் தம்பி கையை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சியா, இல்ல ஊதிவிட்டுக் குத்துனியா?"

"நல்லாத்தான்க்கா துடைச்சேன். அந்த வெல்டிங் கரி போகவே மாட்டேங்குது."

"கல்யாணத்தன்னிக்கே போகல. உனக்கா போயிடும்?"

இருவரும் சிரித்தார்கள். 'வெளி அழுக்கு' என்று ரிப்போர்ட் போனது.

மறுநாள் காலை இரண்டாவது பாட்டிலும் கலங்கியிருந்தது. அதே குச்சிகள். அவள் வார்டுக்கு ஓடியபோது தம்பியின் வாயில் வென்டிலேட்டர் குழாய் இருந்தது. முதல் ரிப்போர்ட்டை நம்பி, இந்தக் கிருமிக்குக் கேட்காத பழைய மருந்தையே தொடர்ந்திருந்தார்கள். டாக்டர் உடனே மாற்றினார்.

"ரொம்ப அபூர்வம்மா. வெல்டருங்களுக்கு எப்பவாவது வரும். நுரையீரல்ல காவலுக்கு நிக்கிற செல்லுங்க, புகையில வர்ற இரும்பைத் தின்னு தின்னு மந்தமாயிடுதுன்னு சொல்றாங்க. மிச்ச இரும்பு கிருமிக்குத் தீனி. நல்லவேளை, நீங்க கண்டுபிடிச்சீங்க."

சாயங்காலம் தம்பி இறந்தான்.

வராந்தா பெஞ்சில் தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இருந்ததாலதான் என்ன நோயின்னாவது தெரிஞ்சுது அண்ணி."

"நேத்தே பார்த்தேன்."

"எதை?"

"அந்தக் கிருமியை. அழுக்குன்னு எழுதி அனுப்பிட்டேன். அப்படித்தான் எழுதுவோம். அழுக்காவே இருக்கணும்னும் நெனச்சேன்."

தம்பி மனைவி கையை விடவில்லை. நகம் பதியும்படி இறுக்கினாள்.

"நேத்து எத்தனை மணிக்கு?"

"பத்தரை இருக்கும்."

"பத்தரைக்கு அவர் என்கிட்ட பேசிட்டிருந்தார் அண்ணி."